ஒரு பக்கம் மட்டும் சிறிதாக இருக்கிறதே, டாக்டர்?

வாசகர் கேள்விகளுக்குச் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் பதில் அளிக்கிறார்

ஒரே விஷயத்தைப் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த இதழ் முழுக்க அதற்கே. வெரிகோசீல், அதாவது விதைப்பையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகிற சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்வது. ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்தில்தான் தொடங்கும். பெயர், ஊர் எதுவும் போடவில்லை, மாவட்டம் மட்டும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கபடியில் அடிபட்டது என்று டாக்டரிடம் அழைத்துப் போனபோது, இடது பக்கம் வெரிகோசீல் இருக்கிறது, விதையும் சிறிதாக இருக்கிறது என்றார். முதல் ஸ்கேனில் வலது 10.1 மி.லி., இடது 7.5 மி.லி. நான்கு மாதம் கழித்து வேறு சென்டரில் எடுத்தால் வலது 7.4, இடது 5.5! இரண்டும் சுருங்கிக்கொண்டே வருகிறதா? ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்யச் சொல்கிறார், இன்னொருவர் பொறுக்கலாம் என்கிறார். ராத்திரி தூக்கமே இல்லை, வாரம் ஒருமுறை வீட்டில் நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
— ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள், உங்கள் பையனுக்கு எதுவும் சுருங்கவில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம், அகலம், தடிமன் மூன்றும் இரண்டிலும் ஒன்றுதான்: வலது 3.6, 2.2, 1.8 செ.மீ., இடது 3.1, 2.0, 1.7 செ.மீ. இந்த மூன்றையும் பெருக்கி, அதை இன்னோர் எண்ணால் பெருக்கினால்தான் மி.லி. கணக்கு வரும். அந்த எண்ணை முதல் சென்டரில் 0.71 என்று வைத்திருக்கிறார்கள், இரண்டாவது சென்டரில் 0.52 என்று. அவ்வளவுதான் வித்தியாசம். சின்னப் படியில் பத்துப் படி அளந்த நெல்லைப் பெரிய படியில் அளந்தால் ஏழு படிதான் வரும், அதற்காக நெல் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம் இல்லையா? விதையின் அளவுக்கு 0.71 போட்டால்தான் உண்மைக்கு நெருக்கமாக வரும் என்பதால் எங்களைப் போன்றவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறோம், ஆனால் பல ஸ்கேன் கருவிகள் பொதுவான முட்டை வடிவக் கணக்கில் 0.52-ஐத் தானாகவே போட்டுவிடும். இதை ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை. எழுதவேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதே குழப்பத்தோடு என் அறைக்கு வந்து அழுத பெற்றோர்கள் உண்டு.

சரி, பயம் ஒரு பக்கம் போகட்டும். இனி உண்மையான கேள்விக்கு வருவோம். எந்த எண்ணால் பெருக்கினாலும் மாறாத ஒன்று இருக்கிறது, இரண்டு விதைக்கும் இடையே உள்ள சதவீத வித்தியாசம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். உங்கள் மகனுக்கு இரண்டு ரிப்போர்ட்டிலும் ஏறத்தாழ 26 சதவீதம் வருகிறது. 20 சதவீதத்துக்கு மேல், அல்லது 2 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்கவேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கோடு. அதனால் உடனே ஆபரேஷன் என்ற டாக்டர் சும்மா சொல்லவில்லை. ஆனால் பொறுக்கலாம் என்றவர் சொல்வதற்கும் நல்ல காரணம் இருக்கிறது, நானும் அவர் பக்கம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். இடது விதையின் சிரை நீளமானது, மேலே போய்ச் சிறுநீரகத்தின் சிரையோடு செங்குத்தாகச் சேருகிறது. வலது பக்கத்துச் சிரை சாய்வாக நேரே உடலின் பெரிய சிரைக்குள் போய்விடும். அதனால்தான் வெரிகோசீல் பத்தில் ஒன்பது பேருக்கு இடது பக்கமே வருகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விதைக்குப் போகும் ரத்தம் அதிகமாகும்போது, அந்தச் சிரையில் உள்ள வால்வுகளால் தாங்க முடியாமல் ரத்தம் கீழே தேங்குகிறது. விதை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும், பைக்குள் வெளியே தொங்குவதே அதற்காகத்தான். வெதுவெதுப்பான ரத்தம் அங்கேயே நின்றால் அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது. வளர்ச்சி தடைபட இதுதான் முக்கியமான காரணம் என்று கருதுகிறோம். சிரை முறுக்கிப் புடைத்த பக்கத்தில் விதை சிறிதாகிவிடுகிறது என்பதை ரோமாபுரியின் மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்.

விதையின் பருமனில் பெரும்பங்கு விந்தணு உற்பத்தி செய்யும் நுண்குழாய்கள்தான். ஆகவே அளவு பின்தங்கினால் அந்தக் குழாய்கள் பின்தங்குகின்றன என்று பொருள். ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்கள் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும், அதனால் உங்கள் மகனுக்கு மீசை முளைப்பதிலோ குரல் உடைவதிலோ குறை தெரியாது. அதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டவும் கூடாது.

1987-இல் அமெரிக்காவில் காஸ், பெல்மன் என்ற இரு மருத்துவர்கள், இப்படி வளர்ச்சி பின்தங்கிய 20 பையன்களுக்குப் புடைத்த சிரையைக் கட்டும் ஆபரேஷன் செய்ததில் 16 பேருக்கு விதை மறுபடி வேகமாக வளர்ந்தது என்று எழுதினார்கள். உலகம் முழுக்கப் பையன்களுக்கு ஆபரேஷன் செய்வது அதன்பிறகு பெருகியது. அப்புறம்தான், ஆபரேஷன் செய்யாமல் கவனித்துக்கொண்டே வந்த பையன்களிலும் பலருக்கு இடது பக்கம் தானாகவே வலதை எட்டிப் பிடித்துவிடுகிறது என்பது தெரியவந்தது. இந்த வயதில் இரண்டு விதையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, ஒன்று முந்தும், மற்றது பின்னால் வரும். பருவம் தொடங்கும்போது 4 மி.லி. இருப்பது பதினேழு, பதினெட்டு வயதுக்குள் 15 மி.லி.க்கு மேல் போகவேண்டும், உங்கள் மகன் பாதி வழியில் நிற்கிறான். சிறுவயதிலேயே செய்துவிட்டால், பின்னால் செய்வதைவிடக் குழந்தைப்பேறுக்கு அதிக நன்மை என்பதற்கும் இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை.

ஆகவே ஒரு நாள் அளவை வைத்துக் கத்தி எடுக்கவேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பிள்ளையின் உயரத்தைப் பார்ப்போமே, அது மாதிரி. ஆனால் ஒரே சென்டரில், முடிந்தால் ஒரே ஆளிடம், 0.71 கணக்கில். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பார்த்தும் வித்தியாசம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் நின்றால், அல்லது கூடினால், அப்போது செய்துகொள்ளுங்கள், அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள். உதாரணமாக, அடுத்த ஸ்கேனில் வலது 13, இடது 11 என்று வந்தால் வித்தியாசம் 15 சதவீதம்தான், பையன் எட்டிப் பிடிக்கிறான், விட்டுவிடலாம். 13-க்கு 8 என்று வந்தால் 38 சதவீதம், அதை விடக்கூடாது. சில பேர் இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை: இரண்டு பக்கமும் வெரிகோசீல் இருப்பவர்கள், மற்ற விதை சிறுவயதில் கீழே இறங்காமல் ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள் அல்லது ஒரே விதை உள்ளவர்கள், வலி விடாமல் இருப்பவர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வாரம் ஒருமுறை வீட்டில் நீங்களே பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. 14 வயதுப் பையனுக்கு அது எவ்வளவு கூச்சம்! அவனுக்கு விஷயத்தைப் புரியும்படி சொல்லிவிடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கட்டும். கபடி ஆடட்டும், தடுக்கவேண்டாம்.

கேள்வி: 19 வயது. துணிக்கடையில் சேல்ஸ்மேன். இடது பக்கம் தொட்டால் உள்ளே நூல்கண்டு மாதிரி இருக்கிறது, சாயங்காலம் ஆனால் கனமாக இழுக்கிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது. நண்பன் நரம்பு புடைத்திருக்கிறது என்றான். விளம்பரம் பார்த்து லாட்ஜில் வந்து பார்க்கும் ஒரு வைத்தியரிடம் போனேன். சின்ன வயதிலிருந்து கைப்பழக்கம் இருந்ததால் நரம்புத் தளர்ச்சி வந்திருக்கிறது, மருந்து சாப்பிடாவிட்டால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று சொல்லி 18 ஆயிரம் ரூபாய் வாங்கிவிட்டார். கடன் வாங்கிக் கொடுத்தேன்.
— திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. நம் பேச்சு வழக்கில் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்துவதையும் நரம்பு என்கிறோம். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோமே, அதுவும் சிரைதான். இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை பையன்களிடம் பணம் பறித்திருக்கிறார்கள்! உனக்குப் புடைத்திருப்பது நரம்பு இல்லை, சிரை. நரம்புத் தளர்ச்சிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சுயஇன்பத்தால் வெரிகோசீல் வராது, விதை சிறுக்காது. லேகியமோ சூரணமோ மாத்திரையோ எதுவும் புடைத்த சிரையைச் சுருக்காது, மிச்சம் இருக்கும் மருந்தை நிறுத்திவிடு, மேற்கொண்டு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே.

வெரிகோசீல் உள்ள ஆண்களில் பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அப்பா ஆகிறார்கள். குழந்தை இல்லை என்று வரும் ஆண்களைப் பரிசோதித்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் இது இருக்கும் என்பதும் உண்மை. இதில் நீ எந்தப் பக்கம் என்று தெரிய உன் வயதில் எளிய வழி இருக்கிறது: விந்துப் பரிசோதனை. பதினெட்டு வயதுக்கு மேல் ஆகிவிட்டதால் அளவை மட்டும் பார்த்து ஊகிக்கவேண்டியதில்லை. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இடைவெளி விட்டுக் கொடுக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மி.லி.யில் 1.6 கோடி விந்தணு, அசைவு 42 சதவீதம் என்பது கீழ் அளவு. ஒருமுறை குறைவாக வந்தால் பதறாதே, சில வாரம் கழித்து இன்னொருமுறை கொடு, காய்ச்சல் வந்து போனால்கூட எண்ணிக்கை இறங்கும். இரண்டு முறையும் சரியாக இருந்து, ஸ்கேனில் அளவும் சமமாக இருந்தால் ஆபரேஷன் தேவையில்லை, வருடம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சாயங்கால இழுப்புக்கு, இறுக்கிப் பிடிக்காமல் தாங்கிக்கொள்ளும் ஜட்டி போடு, இடையிடையே உட்கார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, கேட்கத் தயங்காதே. இவ்வளவு செய்தும் வலி மாதக்கணக்கில் போகவில்லை என்றால் வலிக்காகவே ஆபரேஷன் செய்யலாம், பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைகிறது.

ஒன்றை மட்டும் மனதில் வை. திடீரென்று உயிர் போகிற மாதிரி வலி, வாந்தி, ஒரு விதை மேலே ஏறிக்கொண்டது என்றால் அது வெரிகோசீல் இல்லை, விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிடாவிட்டால் விதையையே இழக்க நேரிடும். நடுராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்கு ஓடு.

கேள்வி: வயது 20. ராணுவ ஆள்சேர்ப்பில் ஓட்டம் எல்லாம் முடித்து, மருத்துவப் பரிசோதனையில் வெரிகோசீல் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வலி இல்லை. ஸ்கேனில் அளவு சமம். எந்த ஆபரேஷன் நல்லது? லேப்ராஸ்கோப்பி, மைக்ரோ, ஊசி வழியாக அடைப்பது என்று மூன்று சொல்கிறார்கள்.
— வேலூர் மாவட்டம்

பதில்: உன் உடம்புக்காக மட்டும் என்றால் இந்த ஆபரேஷன் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் வேலை என்பது வாழ்க்கை, அதற்காகச் செய்துகொள்வதில் தவறில்லை. மறுபரிசோதனை எந்தத் தேதி, ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை வாரம் கழிந்திருக்கவேண்டும் என்பதை அவர்கள் கொடுத்த தாளைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அப்புறம் நாள் குறி.

மூன்றில் என் தேர்வு மைக்ரோ. அடிவயிற்றின் கீழே, தொடை இடுக்குக்கு அருகே இரண்டு மூன்று செ.மீ. கீறி, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள், விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் தொடாமல் விட்டுவிடுவார்கள். மறுபடி வருவதும், விதையைச் சுற்றி நீர் கோப்பதும் இதில்தான் மிகக் குறைவு, நூற்றில் ஓரிருவர். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள்ளே மேலேயே கட்டுகிறார்கள், இரண்டு பக்கமும் இருந்தால் வசதி, நிணநீர்க் குழாய்களைக் காப்பாற்றிச் செய்பவரா என்று கேட்டுக்கொள். மூன்றாவதில் கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை விட்டுச் சிரையை உள்ளிருந்தே அடைக்கிறார்கள், தையல் கிடையாது, ஆனால் சிலருக்குக் குழாய் அந்தச் சிரைக்குள் போகவே போகாது. எந்த முறை என்பதைவிட, அந்த முறையை அடிக்கடி செய்கிற கை எது என்பது முக்கியம். சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரையில் ராஜாஜி என்று அரசு மருத்துவமனைகளிலேயே சிறுநீரகவியல் துறை இருக்கிறது, அங்கே கேட்டுப் பார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் எடை தூக்குவதும் ஓட்டப் பயிற்சியும் வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு (16) வளர்ச்சி குறைவு என்று எட்டு மாதம் முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி செய்தோம். இப்போது இடது பக்கம் வலதைவிடப் பெரிதாகிவிட்டது. வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா? ஆனால் சிரைகள் இன்னும் கையில் தட்டுப்படுகிறதாம்.
— திருச்சி மாவட்டம்

பதில்: ஐயா, உண்மையான வளர்ச்சி ஒன்றிரண்டு வருடத்தில் மெதுவாக வரும், எட்டு மாதத்தில் மற்றதைத் தாண்டிப் பெரிதாவது வளர்ச்சியாக இருக்க வாய்ப்பு குறைவு. நீர் கோத்திருக்கலாம், நம் ஊரில் ஓதம் என்பார்களே, அது. ஆபரேஷனில் நிணநீர்க் குழாய்களும் சேர்ந்து கட்டுப்பட்டால் விதையைச் சுற்றி நீர் சேரும். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, எந்தக் கையிலும் இது நேரலாம். ஸ்கேனில் விதையின் அளவைத் தனியாக, சுற்றியுள்ள நீரைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நிணநீர் தேங்கினால் விதையே கொஞ்சம் ஊதித் தெரியும் என்பதால், பெரிதாகிவிட்டது என்ற ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள். நீர் கொஞ்சமாக இருந்தால் விட்டுவிடலாம், கூடிக்கொண்டே போனால் சிறிய ஆபரேஷனில் சரியாகும்.

கட்டிய சிரைகள் காணாமல் போய்விடுவதில்லை, சுருங்கிய கயிறாகச் சில காலம் கையில் படும். அவனை நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், பாருங்கள். ரத்தம் பின்னோக்கி வரவில்லை என்றால் ஆபரேஷன் வெற்றிதான்.

கேள்வி: +2 படிக்கிறேன், 17 வயது. இரண்டு வருடமாக இடது பக்கம் சிறிதாக இருக்கிறது, மேலே புடைத்திருப்பது வெளியிலேயே தெரிகிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறேன். லேட் ஆகிவிடுமா?
— கடலூர் மாவட்டம்

பதில்: வெளியிலேயே தெரிகிறது என்றால் அது மூன்றாம் நிலை, அந்தப் பக்கம் சிறிதாகவும் இருக்கிறது என்கிறாய், ஆக உன்னை யாராவது பார்த்தே ஆகவேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதத்தில் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் பரீட்சை, அப்புறம் கவுன்சலிங், அப்புறம் ஹாஸ்டல் என்று அது தள்ளிக்கொண்டே போகும், இருபத்தேழு வயதில் கல்யாணமாகி வந்து பதினேழிலேயே தெரியும் டாக்டர் என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மாதமே ஒரு ஸ்கேன் எடுத்துவிடு. அந்த அளவு கையில் இருந்தால் பரீட்சை முடிந்ததும் எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிடலாம், ஆபரேஷன் தேவைப்பட்டால் விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். பதினெட்டு முடியாததால் ஆபரேஷனுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அப்பாவுக்குச் சொல்லாமல் முடியாது.

நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். "அப்பா, கீழே ஒரு பக்கம் வீக்கமா இருக்கு, டாக்டர்கிட்ட போகணும்" என்று மட்டும் சொல். வாய் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிடு. சிறுநீரகவியல் ஓ.பி.க்குப் போ. நிற்கவைத்து ஒருமுறை, படுக்கவைத்து ஒருமுறை பார்ப்பார்கள், இரண்டு நிமிட வேலை. படுத்தபிறகும் புடைப்பு வடியவில்லை என்றால் அதை டாக்டரிடம் நீயே சொல், வயிற்றுக்கும் சேர்த்து ஸ்கேன் எழுதுவார். பார்க்கும்போது அப்பா வெளியே இருக்கட்டும் என்று நீ கேட்கலாம், எந்த டாக்டரும் மறுக்கமாட்டார்.